எல்மர் கெடியன்

எல்மர் ஜான் கெடியன் (ஏப்ரல் 15, 1917 – ஏப்ரல் 20, 1944) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரரும், தடகள வீரரும், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய குண்டுவீச்சு விமானியும் ஆவார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்பில் மூன்று விளையாட்டுகளில் பெயர் பெற்றவர். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த குறுகிய காலத்தின் பெரும்பகுதியை ஒர்லாண்டோ, சார்லட் ஆகிய நகரங்களின் மைனர் லீக் அணிகளில் கழித்தார். மேஜர் லீக் எனப்படும் முதன்மைக் கூட்டிணைவில் இவர் ஆடியவை 1939 செப்டம்பரில் நடந்த ஐந்தே ஆட்டங்கள். தமது 27 ஆவது பிறந்தநாள் கழிந்த ஐந்தாம் நாள், வட பிரான்சின் மீது பறந்தபோது விமானம் சுடப்பட்டு இறந்தார்.

மேஜர் லீக்கில் ஆடிய 500க்கும் மேற்பட்டோர் இரண்டாம் உலகப் போரின்போது படைகளில் சேவை புரிந்தனர். அவர்களுள் போர்க்களத்தில் உயிரிழந்தவர்கள் இருவர். ஒருவர் கெடியன், மற்றவர் ஹாரி ஓ'நீல். அடிபந்தாட்ட வரலாற்றில் கெடியனின் பெயர் பெரும்பாலும் இந்த ஒரு செய்திக்காகவே நினைக்கப்படுகிறது. ஆயினும் இவருக்கு வீரப்பதக்கம் கிடைத்தது எதிரியோடு நடந்த போரில் அன்று. அமெரிக்க மண்ணில், எரியும் விமானம் ஒன்றினுள் மீண்டும் நுழைந்து சக படைவீரர் ஒருவரை இழுத்து வந்தமைக்காகவே அது வழங்கப்பட்டது.

இளமை

கெடியன் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். ஈரி ஏரியின் தென்கரையில் அமைந்த அந்நகரம் அக்காலத்தில் உருக்காலைகளுக்கும், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள வெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் இவர் படித்தார்.

இவரது சிறுவயது நிகழ்ச்சி ஒன்று குடும்பத்தாரின் நினைவில் நிலைத்திருந்தது. குளிர்காலத்தில் புரூக்சைடு பூங்காவின் உறைந்த நீர்நிலையில் சிறுவர்கள் சறுக்கி விளையாடிக் கொண்டிருந்தபோது பனிக்கட்டி உடைந்து, உடன் விளையாடிய உறவுப் பையன் நீருள் வீழ்ந்தான். கெடியன் பனிக்கட்டியின் மீது ஊர்ந்து சென்று அவனை வெளியே இழுத்தார். இறந்துபோன வீரர்களைப் பற்றி இத்தகைய சிறுவயதுக் கதைகள் எழுவது வழக்கமே என்று இதைத் தள்ளிவிடவும் கூடும். ஆனால் 1942 இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு இது நம்பத்தக்கதாகவே தோன்றும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம்

உயர்கல்விக்காக ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கெடியன், அங்கு அமெரிக்கக் காற்பந்து, அடிபந்தாட்டம், தடகளம் ஆகிய மூன்றிலும் பல்கலைக்கழக அணிகளில் இடம் பெற்றார். ஆறடி நான்கு அங்குல உயரமும், ஏறத்தாழ 89 கிலோ எடையும் கொண்டவர். அவ்வளவு உயரமானவர்கள் பொதுவாக விரைவோட்டத்தில் சற்றுப் பின்தங்குவர் என்று கருதப்பட்ட காலத்தில் இவர் தடை தாண்டும் ஓட்டத்தில் சிறந்து விளங்கினார். நடுமேற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பங்கேற்கும் பிக் டென் போட்டிகளில், 1938 ஆம் ஆண்டு 120 கெச உயர்தடை ஓட்டத்திலும், 70 கெச உயர்தடை ஓட்டத்திலும் வெற்றி பெற்றார்.

காற்பந்து அணியில் இவர் வரிசையின் ஓர ஆட்டக்காரராக ஆடினார். 1938 ஆம் ஆண்டு அணியில் இவருடன் ஆடியவர்களுள் ஒருவர் டாம் ஹார்மன். 1940 இல் கல்லூரிக் காற்பந்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்று நாடறிந்த வீரரான ஹார்மனும் போர்க்காலத்தில் விமானியானார். தென் அமெரிக்கக் காடுகளில் ஒரு முறையும், சீனாவின் மீது ஒரு முறையும் விமானத்தை இழந்து, இரு முறையும் உயிருடன் மீண்டார். ஒரே அணியில் ஆடிய இருவருக்குப் போர் விதித்தது எவ்வளவு வேறுபட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அடிபந்தாட்டத்தில் கெடியன் முதல் தளத்திலும் வெளிக்களத்திலும் ஆடினார். வலக்கையால் எறிந்து, வலப்புறம் நின்று மட்டையடிப்பவர்.

1939 இல் பட்டம் பெறும் தறுவாயில் இவர் முன் இரு வழிகள் இருந்தன. தடகளத்திலேயே தொடர்ந்திருந்தால் 1940 ஒலிம்பிக் போட்டிகளுக்கான தேர்வில் பங்கேற்றிருக்கலாம். ஆனால் அக்கால விதிகளின்படி, எந்த விளையாட்டிலாவது ஊதியம் பெற்றவர் ஒலிம்பிக்கில் ஓட இயலாது. கெடியன் ஊதியம் தரும் அடிபந்தாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். இதனால் அவர் இழந்தது ஒன்றுமில்லை என்பது பின்னரே தெரிய வந்தது. தோக்கியோவில் நடப்பதாக இருந்து, பின் ஹெல்சின்கிக்கு மாற்றப்பட்ட 1940 ஒலிம்பிக் போட்டிகள் போரினால் கைவிடப்பட்டன.

மைனர் லீக்கில்

1939 சூனில் வாஷிங்டன் செனட்டர்ஸ் கழகம் கெடியனுடன் ஒப்பந்தம் செய்தது. தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த இக்கழகம் 1961 இல் மினசோட்டாவுக்கு இடம்பெயர்ந்து, மினசோட்டா ட்வின்ஸ் என்னும் பெயர் பெற்றது. அக்காலத்தில் இதன் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித். ஒரு காலத்தில் புகழ்பெற்ற பந்தெறிபவராக விளங்கிய இவர், குறைந்த செலவில் கழகத்தை நடத்துவதில் வல்லவர். ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வரும் இளைஞர்களை வாங்கிப் பயிற்றுவிப்பது அவருக்கு ஏற்ற வழியாக இருந்தது.

அமெரிக்க அடிபந்தாட்ட அமைப்பு படிக்கட்டு போன்றது. உச்சியில் மேஜர் லீக். அதன் கீழ் நூற்றுக்கணக்கான சிறு நகர அணிகளைக் கொண்ட மைனர் லீக்குகள். அன்று இவை ஏஏ தொடங்கி டி வரை வகுக்கப்பட்டிருந்தன. இளைஞர் ஒருவர் கீழ்ப்படியில் தொடங்கி, ஆண்டுதோறும் ஏறி வர வேண்டும். ஊதியம் சொற்பம், பயணம் பெரும்பாலும் பேருந்தில், இடையில் கழித்துவிடப்படுவோரே மிகப் பலர்.

கெடியன் அனுப்பப்பட்ட இடம் மிகக் கீழ்ப்படியான டி பிரிவைச் சேர்ந்த புளோரிடா ஸ்டேட் லீக். அங்கு ஒர்லாண்டோ அணிக்காக 67 ஆட்டங்களில் ஆடி .253 என்னும் மட்டையடிச் சராசரியைப் பெற்றார். அதாவது ஆயிரம் அடிவாய்ப்புகளுக்கு 253 வெற்றி அடிகள் என்னும் விகிதம். இது சிறப்பான எண்ணும் அன்று, மோசமான எண்ணும் அன்று. ஆனால் இவரது கால்வேகமும், வெளிக்களத்தில் நெடுந்தொலைவு ஓடிப் பந்தைப் பிடிக்கும் திறனும் எண்களில் வராதவை. பருவம் முடியும் தறுவாயில் கழகம் இவரை வாஷிங்டனுக்கு அழைத்தது.

ஐந்து ஆட்டங்கள்

1939 இல் செனட்டர்ஸ் அணி 65 வெற்றிகளும் 87 தோல்விகளும் பெற்று, எட்டு அணிகளுள் ஆறாம் இடத்தில் முடிந்தது. இத்தகைய அணிகள் செப்டம்பரில் இளைஞர்களைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அணியின் மேலாளராக இருந்தவர் பக்கி ஹாரிஸ்.

கெடியன் 1939 செப்டம்பர் 18 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் பிற்பகுதியில் மாற்று வீரராகக் களம் இறங்கினார். மறுநாள் செப்டம்பர் 19 அன்று, கிரிஃபித் விளையாட்டரங்கில் நடந்த ஆட்டத்தில் தொடக்க வீரராக நடு வெளிக்களத்தில் நிறுத்தப்பட்டார். எதிரணி கிளீவ்லாந்து இந்தியன்ஸ் (இக்கழகம் 2022 பருவம் முதல் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் என அழைக்கப்படுகிறது). தாம் பிறந்து வளர்ந்த நகரின் அணிக்கு எதிராக அன்று கெடியன் நான்கு வாய்ப்புகளில் மூன்று வெற்றி அடிகள் அடித்தார். ஓர் ஓட்டத்துக்கும் வழி செய்தார். வாஷிங்டன் 10–9 என்னும் கணக்கில் வென்றது.

அதன் பின் மேலும் மூன்று ஆட்டங்கள். ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 15 அடிவாய்ப்புகளில் இவர் பெற்ற வெற்றி அடிகள் மூன்றே. அவை மூன்றும் அந்த ஒரு பிற்பகலில் கிடைத்தவை. சராசரி .200. ஆட்டப் பதிவேடுகளில் கெடியனுக்கு உரிய ஒற்றை வரி இதுவே. அந்த வரியை மட்டும் படிப்பவருக்கு, தோற்றுப்போன ஓர் இளைஞர் என்றே தோன்றும். 22 அகவையில், பல்கலைக்கழகத்தை விட்டு வந்த நான்காம் மாதத்திலேயே, கீழ்ப்படியிலிருந்து நேரே உச்சிப்படிக்குத் தூக்கிவிடப்பட்டவர் என்பது அவ்வரியில் இல்லை.

1940 பருவத்தில் கெடியன் வட கரோலினாவின் சார்லட் ஹார்னெட்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். பி பிரிவைச் சேர்ந்த பியட்மாண்ட் லீக்கில் ஆடிய இவ்வணியை, கிளார்க் கிரிஃபித்தால் வளர்க்கப்பட்ட கால்வின் கிரிஃபித் கவனித்து வந்தார். இங்கு முழுப் பருவமும் ஆடி .271 சராசரி பெற்றார். ஓராண்டில் இரண்டு படி ஏறியதோடு மட்டையடியும் மேம்பட்டது என்பதால் இது நல்ல முன்னேற்றமே. அவ்வாண்டு இறுதியிலும் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார். ஆனால் ஆட்டம் எதிலும் இறக்கப்படவில்லை. ஆட்டப் பருவம் அல்லாத காலத்தில் மிச்சிகனுக்குத் திரும்பி, பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

1941 வசந்தத்தில் மீண்டும் முயன்று பார்ப்பார் என்பதே எதிர்பார்ப்பு. அந்த வசந்தம் வாய்க்கவில்லை.

படைக்கு அழைப்பு

ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னரே, 1940 செப்டம்பரில் அந்நாட்டில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நிறைவேறியது. மணமாகாத, உடல்வலிமை மிக்க இளைஞரான கெடியனுக்கு 1941 இன் தொடக்கத்திலேயே அழைப்பு வந்தது. முதலில் அவர் கான்சஸ் மாநிலத்தின் ரைலி கோட்டையில் குதிரைப்படைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். உலகின் பிற படைகள் கவச வாகனங்களில் விரைந்து கொண்டிருந்த அக்காலத்திலும் அமெரிக்கத் தரைப்படை குதிரைகளை முற்றிலும் கைவிடவில்லை. 1941 அக்டோபரில் கெடியன் வான்படைக்கு மாறினார். இரு மாதங்களில், டிசம்பர் 7 அன்று சப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது.

அரிசோனா மாநிலத்தின் வில்லியம்ஸ் வான்தளத்தில் பயிற்சியை முடித்து, 1942 மே மாதம் விமானிக்குரிய சிறகுச் சின்னமும் இரண்டாம் லெப்டினன்ட் பதவியும் பெற்றார். பின்னர் புளோரிடாவில் தாம்பா நகருக்கு அருகிலுள்ள மெக்டில் வான்தளத்துக்கு அனுப்பப்பட்டார். இது நடுத்தரக் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சித் தளமாகும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1942 சனவரியில் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட், மக்களின் மன ஊக்கத்துக்காக அடிபந்தாட்டம் தொடர வேண்டும் என்று ஆட்ட ஆணையருக்கு எழுதினார். இதனால் கூட்டிணைவுகள் போர்க்காலம் முழுதும் இயங்கின. படையில் சேர்ந்த புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பலர், படைமுகாம் அணிகளில் ஆடி வீரர்களை மகிழ்விக்கும் பணியில் அமர்த்தப்பட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையே. ஆனால் ஐந்து ஆட்டங்கள் மட்டுமே ஆடிய, பெயர் பரவாத ஒருவருக்கு அத்தகைய பணி தேடி வரவில்லை.

ராலே விபத்து

1942 ஆகஸ்டு 9 அன்று கெடியன் பி-25 வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பயிற்சிப் பறப்பில் இருந்தார். அன்று அவர் வழிகாட்டுநராகப் பணியாற்றினார். வட கரோலினாவின் ராலே நகர வான்தளத்திலிருந்து மேலெழுந்த விமானம் போதிய உயரம் எட்டவில்லை. ஓடுபாதையின் எல்லையில் இருந்த மரங்களை ஒட்டிச் சென்று, சதுப்பு நிலத்தில் வீழ்ந்து தீப்பற்றியது.

கெடியனுக்கு விலா எலும்புகள் மூன்று முறிந்தன. ஆயினும் தாமே வெளியேறிவிட்டார். எரிபொருள் எந்நேரமும் வெடிக்கும் நிலை. அப்போதுதான் குழுவைச் சேர்ந்த கார்ப்போரல் ஒருவர் உள்ளே சிக்கியிருப்பதை உணர்ந்தார். கடும் காயங்களால் அவரால் தாமாக அசைய இயலவில்லை. கெடியன் எரியும் விமானத்தினுள் மீண்டும் ஊர்ந்து சென்று அவரை வெளியே இழுத்து வந்தார். இதில் அவருக்கு முதுகு, முகம், கை, கால் ஆகிய இடங்களில் தீக்காயங்கள் ஏற்பட்டன.

மருத்துவமனையில் கெடியன் 12 வாரங்கள் இருந்தார். தீக்காயங்களுக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்பட்டது. இச்செயலுக்காக அவருக்கு ஸோல்ஜர்ஸ் மெடல் எனப்படும் படைவீரர் பதக்கம் வழங்கப்பட்டது. 1926 இல் ஏற்படுத்தப்பட்ட இப்பதக்கம், எதிரியுடனான மோதல் அல்லாத சூழலில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்படும் வீரச்செயலுக்கு உரியது.

நலம் பெற்ற பின் அவர் தம் உறவினர் ஒருவரிடம், தமக்கு உரிய விபத்து நேர்ந்து முடிந்துவிட்டது, இனி எல்லாம் நலமாகவே பறக்கும் என்ற பொருளில் பேசியதாகக் கூறப்படுகிறது. போர் முடிந்தால் மீண்டும் அடிபந்தாட்டத்துக்கு வர வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1942 இறுதியில் அவருக்கு அகவை 25. ஆட்டக்காரர் ஒருவரின் சிறந்த ஆண்டுகள் தொடங்கும் அகவை அது.

மரோடர் விமானம்

1943 இல் 394 ஆவது குண்டுவீச்சுப் பிரிவு மெக்டில் தளத்தில் உருவாக்கப்பட்டபோது கெடியன் அதில் இடம் பெற்றார். இப்பிரிவுக்கு அளிக்கப்பட்டவை, பால்டிமோரைச் சேர்ந்த மார்ட்டின் நிறுவனம் வடிவமைத்த பி-26 மரோடர் என்னும் இரட்டைப் பொறி விமானங்கள். உடல் பெரிது, சிறகு சிறிது என்னும் அமைப்பால் இது மிகு வேகத்திலேயே தரையிறங்க வேண்டியிருந்தது. அனுபவம் குறைந்த விமானிகளின் கையில் அடிக்கடி விபத்துக்குள்ளானது. மெக்டில் தளத்தை ஒட்டிய தாம்பா விரிகுடாவில் நாளுக்கு ஒன்று வீழ்கிறது என்று கேலி பேசும் அளவுக்கு நிலைமை இருந்தது. மனைவியரைக் கைம்பெண்களாக்கும் விமானம் என்ற பட்டப்பெயரும் இதற்கு ஏற்பட்டது. அமெரிக்க மேலவைக் குழு ஒன்று இது குறித்து விசாரணை நடத்தியது. பின்னர்ச் சிறகுகள் நீட்டப்பட்டு, பயிற்சி முறையும் திருத்தப்பட்ட பின், ஐரோப்பியப் போர்முனையில் மிகக் குறைந்த இழப்பு விகிதம் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுள் ஒன்றாக இதே விமானம் விளங்கியது. இவ்வளவுக்கும், ஒரு முறை தீயில் சிக்கி மீண்டவர் இதை ஓட்டுவதற்கு முன்வந்தது எளிய செயல் அன்று.

இப்பிரிவின் பயிற்சியின் பிற்பகுதி மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரிலுள்ள கெல்லாக் தளத்தில் நடந்தது. ஆன் ஆர்பர் அங்கிருந்து தொலைவில்லை. 1944 தொடக்கத்தில் இப்பிரிவு இங்கிலாந்துக்குச் சென்று, எசெக்ஸ் மாவட்டத்தின் போர்ஹாம் வான்தளத்தில் நிலைகொண்டது. மார்ச் இறுதியில் அதன் தாக்குதல் பறப்புகள் தொடங்கின. கெடியன் 586 ஆவது அணியின் செயற்பாட்டு அலுவலராக இருந்தார். பறப்புகளுக்குத் திட்டமிடுவதும், குழுக்களை அமைப்பதும் இப்பொறுப்பில் அடங்கும். தாமும் விமானியாகப் பறந்தார்.

இறுதிப் பறப்பு

1943 இன் இறுதியில், வட பிரான்சின் காடுகளிலும் தோட்டங்களிலும் செருமானியர் விந்தையான கட்டடங்களை எழுப்புவதை நேச நாடுகளின் உளவு விமானங்கள் கண்டறிந்தன. அவை வி-1 எனப்படும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை இலண்டன் மீது ஏவுவதற்கான தளங்கள். அக்குண்டுகள் ஏவப்படும் முன்பே தளங்களை அழிக்க வேண்டும் என்பதால், பெரிய விமானங்களும் நடுத்தர விமானங்களும் மாதக்கணக்கில் அவற்றைத் தாக்கின. மரோடர்கள் ஏறத்தாழ 10,000 முதல் 12,000 அடி உயரத்தில், நெருங்கிய அணிவகுப்பில் பறந்து குண்டு வீசின. குறி தவறாமல் வீசுவதற்கு இவ்வுயரம் ஏற்றது. வானெதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் அதுவே ஏற்ற உயரம். இலக்கை நெருங்கும் கடைசி மணித்துளிகளில் விமானம் நேர்கோட்டில், ஆடாமல் பறக்க வேண்டும். தரையில் இருப்பவர்கள் அதைக் கணித்துச் சுடுவர்.

1944 ஏப்ரல் 20 அன்று 394 ஆவது பிரிவின் மரோடர்கள் போர்ஹாமிலிருந்து எழுந்து, பா தெ கலே பகுதியில் உள்ள புவா தெஸ்கேர்த் என்னும் இடத்தில் அமைந்த தளத்தைத் தாக்கச் சென்றன. கெடியன் ஒரு விமானத்தைச் செலுத்தினார். குண்டுகளை வீசிய சிறிது நேரத்தில் பீரங்கிக் குண்டு ஒன்று அவரது விமானத்தின் விமானி அறைக்குக் கீழே பாய்ந்து வெடித்தது. அறை தீயால் நிறைந்தது. உயிர் தப்பியவர் துணை விமானி ஒருவரே. மேற்புறத் திறப்பின் வழியாக வெளியேறி வான்குடையில் இறங்கிய அவர் செருமானியரிடம் போர்க்கைதியானார். தாம் வெளியேறும்போது கெடியன் கட்டுப்பாட்டுக் கருவிகளின் மீது முன்சாய்ந்த நிலையில் இருந்ததையும், பின்னர் விமானம் எரிந்தவாறு கீழே செல்வதையும் கண்டதாக அவர் பின்னாளில் தெரிவித்தார். வேறு எவரும் குதிப்பதை அவர் காணவில்லை. விமானம் சென் போல் நகர்ப் பகுதியில் வீழ்ந்தது.

வி-1 குண்டுகள் இலண்டன் மீது முதன்முதலில் ஏவப்பட்டது 1944 சூன் 13 அன்று, இந்நிகழ்வுக்கு எட்டு வாரங்களுக்குப் பின்.

ஓராண்டுக் காத்திருப்பு

போர்க்களத்தில் விமானம் திரும்பாவிடில் அதன் குழுவினர் முதலில் காணாமற்போனோர் பட்டியலிலேயே சேர்க்கப்படுவர். கெடியனின் பெற்றோருக்கும் அவ்வாறே செய்தி சென்றது. விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்து, போர்க்கைதி முகாம்களில் இருந்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தமையால், காணாமற்போனார் என்னும் சொல் நம்பிக்கைக்கும் இடம் தந்தது. முன்பு ஒரு முறை எரியும் விமானத்திலிருந்து மீண்டு வந்தவரின் குடும்பத்துக்கு அந்நம்பிக்கை சற்று மிகுதியாகவே இருந்திருக்கும். 1945 மே மாதத்தில், ஐரோப்பாவில் போர் ஓய்ந்த வேளையில், கெடியனின் கல்லறை சென் போலில் உள்ள சிறிய பிரித்தானியப் படைக் கல்லறைத் தோட்டத்தில் கண்டறியப்பட்ட செய்தி அவர் தந்தைக்குக் கிடைத்தது. அவரது உடல் பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டு, வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அணித்தோழர்களும் போரும்

1939 இல் கெடியனுடன் வாஷிங்டன் அணியில் இருந்தோரில் வேறு சிலரின் ஆட்ட வாழ்வையும் போர் மாற்றியது. அணியின் முன்னணி மட்டையாளரான செசில் டிராவிஸ் 1941 இல் .359 சராசரி பெற்று உச்சத்தில் இருந்தவர். 1944 குளிர்காலத்தில் ஆர்டென் போர்முனையில் உறைபனியால் கால்கள் பாதிக்கப்பட்டார். போருக்குப் பின் அவர் பழைய நிலையை எட்டவே இல்லை. மற்றொரு முன்னணி ஆட்டக்காரரான படி லூயிஸ் போக்குவரத்து விமானியாகி, இந்தியா–பர்மா முனையில் சி-47 விமானம் ஓட்டினார். 1944 மார்ச்சில் சப்பானியப் படைகளின் பின்புறத்தில் படைவீரர்களை இறக்கிய வான்வழி நடவடிக்கையிலும் பங்கேற்றார். தம் விமானத்துக்கு அவர் இட்ட பெயர், உரிமையாளர் கிரிஃபித்தின் பட்டப்பெயரான கிழநரி என்பதே. அவர் உயிருடன் திரும்பி மீண்டும் ஆடினார்.

அதே கழகத்துடன் தொடர்புடைய இன்னொருவர் பெர்ட் ஷெப்பர்ட். மைனர் லீக் பந்தெறிபவரான இவர் போர் விமானியாகி, கெடியன் இறந்து ஒரு மாதத்தில், 1944 மே 21 அன்று செருமனியில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வலக்காலை முழங்காலுக்குக் கீழ் இழந்து கைதியான இவர், கைதிகள் பரிமாற்றத்தில் நாடு திரும்பி, செயற்கைக் காலுடன் 1945 ஆகஸ்டு 4 அன்று வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டத்தில் பந்தெறிந்தார். ஷெப்பர்டின் கதை படங்களாகவும் செய்திகளாகவும் நாடெங்கும் பரவியது. கெடியனைப் பற்றி அத்தகைய செய்தி எதுவும் பரவவில்லை. திரும்பி வந்தவர்களைப் பற்றி எழுதுவது செய்தித்தாள்களுக்கு எளிது.

ஹாரி ஓ'நீல்

கெடியனுடன் இணைத்துப் பேசப்படும் ஹாரி ஓ'நீல், அவரைவிட மூன்று வாரம் இளையவர். பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் பந்து பிடிப்பவராக 1939 சூலை 23 அன்று ஒரே ஓர் ஆட்டத்தில் களம் இறங்கினார். மட்டையடிக்கும் வாய்ப்புகூட அவருக்குக் கிட்டவில்லை. கடற்படைக் காலாட்படை அலுவலராகப் பணியாற்றிய அவர் 1945 மார்ச் 6 அன்று ஐவோ சீமா தீவில் கொல்லப்பட்டார். இருவரும் பிறந்த ஆண்டும் ஒன்று. மேஜர் லீக்கில் ஆடிய பருவமும் ஒன்று. இருவருக்கும் சேர்த்து ஆறு ஆட்டங்கள்.

இவர்களைத் தவிர, மேஜர் லீக்கை எட்டாமலே மைனர் லீக்குகளில் ஆடிவந்தோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அப்போரில் உயிரிழந்தனர். ஒர்லாண்டோவிலும் சார்லட்டிலும் கெடியன் ஆடியது இத்தகைய இளைஞர்களோடுதான். ஐந்து ஆட்டங்கள் என்னும் அந்தச் சிறிய பதிவு இல்லாதிருந்தால், அவர் பெயரும் அந்த நீண்ட பட்டியலில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

நினைவு

மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கான பெருமை மண்டபத்தில் கெடியனைப் பின்னாளில் சேர்த்துக் கொண்டது. அவர் மூன்று வெற்றி அடிகளையும் அடித்த கிரிஃபித் விளையாட்டரங்கம் 1965 இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் ஹோவர்டு பல்கலைக்கழக மருத்துவமனை எழுந்தது. பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது.